ஏழு விநாடி மௌனம்: டர்பன் வழக்கு ஒன்றில் செயலி எழுதிய சாட்சியம்

அந்தக் குரல் பதிவின் நீளம் 41 விநாடி. வாட்ஸ்அப்பில் அனுப்பப்பட்டது. ஓட்டல் சமையற்கட்டில் நின்றபடி ஒருவர் பேசுகிறார். பின்னால் புகை இழுக்கும் விசிறி இரைகிறது. தோசைக்கல்லைக் கரண்டியால் சுரண்டும் சத்தம் இரண்டு தடவை வருகிறது. இதை நான் எழுபது எண்பது முறையாவது கேட்டிருப்பேன். முதல் முறை கேட்ட அன்று, பேசிய மனிதர் காவலில் பதினோராம் நாளைக் கழித்துக்கொண்டிருந்தார்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வார இறுதிகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். நீதிமன்றத்தில் தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் வந்து நின்றால் அந்த நாளுக்கு மொழிபெயர்ப்பாளராகக் கூப்பிடுவார்கள். ஆண்டுக்கு நாலைந்து தடவை வரும். கப்பலிலிருந்து இறங்கி வழக்கில் மாட்டிய மாலுமி, கடவுச்சீட்டுச் சிக்கலில் சிக்கிய கோயில் சிற்பி, இப்படி. இங்கே எழுதும் வழக்கில் சம்பந்தப்பட்டவர்களின் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன், அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வழக்கின் எலும்புக்கூடு நடந்தபடியே இருக்கிறது.

எப்படி வந்தது

குற்றம்சாட்டப்பட்டவர் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சமையல்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். டர்பனுக்கு வடக்கே ஓர் ஓட்டலில் தோசை, பரோட்டா போடுகிறார். சம்பளம் மூன்று மாதமாகப் பாக்கி. புகார் கொடுத்தவர் அந்த ஓட்டலின் உரிமையாளர்களில் ஒருவர், இங்கேயே பிறந்த ஐந்தாம் தலைமுறைத் தமிழர். தைப்பூசத்தில் காவடி எடுப்பார், பெயரும் தமிழ்ப் பெயர், தமிழ் மட்டும் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ கப்பல் மதராசிலிருந்து 342 பேரோடு டர்பனில் வந்து நின்றதிலிருந்து, கரும்புத் தோட்டம், நிறவெறிக் காலத்துக் குடிபெயர்ப்பு, ஆங்கிலப் பள்ளி என்று எல்லாம் சேர்ந்து வீட்டிலிருந்து மொழியைத் துடைத்து எடுத்த கதை அது. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனாலும் டர்பனில் நாற்பது வயதுக்காரர் ஒருவருக்குத் தன் ஆயா பேசிய மொழி காதில் பட்டால், அர்த்தம் தெரிய இன்று அவர் போவது கைப்பேசிச் செயலியிடம்தான்.

சமையல்காரர் அந்தக் குரல் பதிவை அனுப்பியது புகார்தாரருக்கு அல்ல. கூட வேலை செய்த இன்னொரு தமிழருக்கு. அவர் அதை வேறொருவருக்கு அனுப்ப, மூன்றாம் கையாக அது புகார்தாரரிடம் போய்ச் சேர்ந்தது. இவர் அதை ஒரு செயலியில் போட்டார். அது நேராக ஆங்கிலத்தில் எழுத்தாக்கிக் கொடுத்தது. நடுவில் தமிழ் எழுத்து ஒன்றுகூட வரவில்லை. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும். வந்த ஆங்கிலத்தைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து அச்சிட்டுக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார். வாக்குமூலத்தோடு அது இணைப்பாக ஏறியது.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். 2021 ஜூலைக் கலவரத்தில் இந்த மாகாணம் எரிந்ததை நேரில் பார்த்தவர் அவர். நாடு முழுக்க 350-க்கு மேற்பட்டவர்கள் இறந்த அந்த நாட்களில் தெரு முனையில் காவல் நின்றவர். எரிப்பேன் என்று ஒரு தாளில் அச்சாகி வந்தால் அவர் எப்படிச் சும்மா இருப்பார்?

செயலி எழுதியதும் அவர் சொன்னதும்

தாளில் இருந்ததைத் தமிழில் திருப்பினால் இப்படி வரும்: “அண்ணா, என்னால் இனித் தாங்க முடியாது. மூன்று மாதமாக அவன் இழுக்கிறான். வெள்ளிக்கிழமை நேராகப் போய் அந்த மனிதனை முடித்துவிடுவேன். நான் எரிப்பேன். யாரும் உயிரோடு இருக்கக் கூடாது.” திரைப்பிடிப்பு அதோடு முடிகிறது.

அவர் பேசியது இது: “அண்ணே, இதுக்கு மேல என்னால முடியாது. மூணு மாசமா இழுத்தடிக்கிறாரு. வெள்ளிக்கெழம வரட்டும், நேரா போயி அந்த ஆளு கணக்க முடிச்சிட்டுத்தான் மறுவேல. வயிறு எரியுதுண்ணே.” அப்புறம் ஏழு விநாடி பேச்சே இல்லை. விசிறி மட்டும் இரைகிறது. பிறகு, “புள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும், ஊர்ல கேக்குறாங்க.”

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ‘இழுத்தடிக்கிறார்’ என்பதில் இருந்த மரியாதை விகுதி காணாமல் போய் ‘அவன்’ ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் ‘அவர்’ இல்லை என்பதால் அது பெரிய தவறில்லை. ஆனால் ஆத்திரத்தின் உச்சியிலும் முதலாளியை ‘ஆரு’ விகுதியோடு பேசிய மனிதர் என்பது தமிழ்க் காதுக்குப் பெரிய தகவல். கொல்லப் போகிறவன் அப்படிப் பேச மாட்டான் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தகவல் நீதிமன்றத்துக்கு வந்தே சேரவில்லை என்கிறேன்.

‘வயிறு எரியுது’ என்பதில் ‘வயிறு’ விசிறிச் சத்தத்தில் பாதி முங்கியிருக்கிறது. மிச்சம் ‘எரியுது’. எரிகிறது தன்வினை, எரிக்கிறேன் பிறவினை. பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற வித்தியாசம். அந்த ஒரு ‘க்’கில் ஒரு மனிதர் வேதனைப்படுகிறவராகவும் ஆகலாம், தீ வைக்கிறவராகவும் ஆகலாம். செயலிக்கு எழுவாய் கிடைக்கவில்லை, தானே ஒரு ‘நான்’ போட்டுக்கொண்டது.

‘கணக்கை முடிப்பது’ பற்றிப் பின்னால் வருகிறேன். அங்கேதான் எனக்கே தூக்கம் போனது.

‘யாரும் உயிரோடு இருக்கக் கூடாது’? அதை யாரும் சொல்லவில்லை. அந்த ஏழு விநாடியில் பேச்சே கிடையாது. காதில் ஹெட்போன் மாட்டி, சத்தத்தைக் கூட்டி, வேகத்தைக் குறைத்துக் கேட்டுவிட்டேன். அது விசிறி.

அந்தச் செயலியின் உள்ளே ஓடிய செயற்கை நுண்ணறிவு மாதிரி (மாடல்) எது என்பது வழக்கில் கடைசிவரை வெளிவரவில்லை. ஆனால் இப்படிப்பட்ட கருவிகள் ஏன் இல்லாததை எழுதுகின்றன என்பது ஆராயப்பட்டிருக்கிறது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022-இல் வெளியிட்ட விஸ்பர் என்ற, பேச்சை எழுத்தாக்கும் மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். 6,80,000 மணி நேர ஒலி கொடுத்துப் பயிற்றுவிக்கப்பட்டது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். மற்ற எல்லா மொழிகளும் மீதியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2024-இல் அலிசன் கோனெக்கியும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் சோதித்த ஒலித்துண்டுகளில் சுமார் 1 சதவீதத்தில் யாருமே சொல்லாத முழுச் சொற்றொடர்களை விஸ்பர் எழுதியிருந்தது தெரியவந்தது. அப்படி முளைத்தவற்றில் 38 சதவீதம் தீங்கானவை: வன்முறை, இல்லாத உறவு, இல்லாத அதிகாரம். பேச்சுக் குறைபாட்டால் இடைவெளி விட்டு விட்டுப் பேசுகிறவர்களிடம் இது கூடுதலாக நடந்தது. இந்த வகை மாதிரி அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக்கொண்டே போகும். ஒலியில் பிடிமானம் இல்லாத இடத்திலும் கணிப்பு நிற்காது. கோபமான நாலு வாக்கியத்துக்குப் பிறகு ஒரு மௌனம் வந்தால், அதை நிரப்ப அதனிடம் இருப்பது இன்னொரு கோபமான வாக்கியம்தான்.

1 சதவீதம் சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒரு சிறிய நீதிமன்றத்தில் ஆண்டுக்கு எத்தனை குரல் பதிவுகள் சான்றாக வருகின்றன என்று பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

காவலும் பிணையும்

வெள்ளி இரவு கைது. திங்கள் முதல் ஆஜர். சைபர் குற்றச் சட்டம், 2020-இன் 19-ஆம் எண், பிரிவு 15: மின் தகவல் மூலம் வன்முறை அல்லது சொத்துச் சேதம் செய்வதாக மிரட்டுதல். மூன்று ஆண்டுவரை சிறை கிடைக்கும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லை என்று ஏழு நாள் தள்ளிப்போட்டார்கள். அடுத்த திங்கள் நான் போனேன்.

அவருக்கு அமர்ந்த வழக்கறிஞர் அரசு சட்ட உதவியில் வேலை பார்க்கும் ஓர் இளம் சூலுப் பெண். தமிழில் வணக்கம்கூடத் தெரியாதவர். ஆனால் கோப்பைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “குரல் எங்கே?” என்பதுதான். தன் மொழியில் ஒருவர் சொன்னதை நீதிமன்றத்தில் வேறொருவர் தப்பாகச் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி உடனே வரும் என்று எனக்குத் தோன்றியது. 1894-இல் இதே டர்பனில் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி பல் உடைந்து இரத்தம் வழிய காந்தியின் அலுவலகத்துக்கு வந்தபோது, அவர் சொன்னதைக் காந்திக்குப் புரியவைத்தது அங்கே எழுத்தராக இருந்த ஒரு தமிழர். அன்றைக்கு அங்கே ஒரு மனிதக் காது இருந்தது.

புகார்தாரரின் கைப்பேசியில் அந்தப் பதிவு அழிந்துபோயிருந்தது. முதலில் வாங்கியவரிடம் இருந்தது. வழக்கறிஞர் அதை நீதிமன்றத்தில் ஓட்டச் சொன்னார். சமையல்காரர் தன் குரலைக் கேட்டதும் கூண்டிலிருந்து, “கணக்குன்னா கணக்குதான் டீச்சர், சிட்டை வெச்சிருக்கேன்” என்றார். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். சிட்டை என்பதற்கு மட்டும் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. பாக்கியான மூன்று மாதத்தையும் தேதி வாரியாக எழுதிய கையடக்க நோட்டு அது. தங்கியிருந்த அறையில் பெட்டிக்குள் இருந்தது. அன்றே பிணை கிடைத்தது, கடவுச்சீட்டை ஒப்படைக்கும் நிபந்தனையோடு.

அதற்குப் பிறகு, அந்தப் பதிவை முறைப்படி எழுத்தாக்கி மொழிபெயர்த்துச் சான்றளிக்கும்படி அரசுத் தரப்பு என்னைக் கேட்டது. சரி, ஆனால் இரண்டு வேலையும் ஒருவரே செய்யக் கூடாது. சாட்சியாகப் போகிற நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக நிற்க முடியாது என்று சொன்னேன். ஜோஹன்னஸ்பர்கிலிருந்து வேறொருவர் வரும்வரை வழக்கு இன்னும் தள்ளிப்போனது. அந்தத் தாமதம் என்னால் வந்தது. அவர் வேலையில்லாமல் அறைக்குள் உட்கார்ந்திருந்த வாரங்கள் அவை.

நாயும் ஒலிநாடாவும்

அந்த வாரங்களில் சட்டம் என்ன சொல்கிறது என்று படித்தேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறப் போகிறவர் தன் தாள் எதற்குப் பயன்படும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் என் கண்ணில் பட்டது 1920-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ட்ருபீடோ வழக்கு. காவல்துறை மோப்ப நாய் ஒன்று தடம் பிடித்துப்போய் ஒருவரை அடையாளம் காட்டியது. அதைச் சான்றாக ஏற்கலாமா? தலைமை நீதிபதி இன்ஸ் முடியாது என்றார். நாய்க்கு மோப்பத் திறமை உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. அது எந்த வாசனையை வைத்து அந்த ஆளிடம் நின்றது என்பதை நாயிடம் கேட்க முடியாது. அதன் நடத்தையிலிருந்து ஒரு மனிதரின் குற்றத்தை ஊகிக்கும் அளவுக்கு நிச்சயம் இல்லை. 1986-இல் ஷபலாலா வழக்கில் அதே நீதிமன்றம் அந்த நிலையில் நின்றது. நாயின் நம்பகத்தன்மை மிக உயர்ந்த அளவில் நிறுவப்பட்டால் ஒழிய அந்தச் சான்று உள்ளே வராது.

நூறு ஆண்டுக்கு முந்தைய இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். திறமை உண்டு, எப்படி முடிவுக்கு வந்தது என்று கேட்க வழியில்லை. நாயாவது இல்லாத ஆளை இருப்பதாகக் குரைக்காது.

அடுத்தது இந்த மாகாணத்துக்கே உரிய வழக்கு. 1985-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் நடந்த தேசத்துரோக வழக்கு. மேவா ராம்கோபின், எம். ஜே. நாயுடு, ஆர்ச்சி குமேடே, அல்பர்டினா சிசுலு என்று நிறவெறியை எதிர்த்த ஐக்கிய ஜனநாயக முன்னணியும் நேட்டால் இந்தியக் காங்கிரசும் தொழிற்சங்கமும் சேர்ந்த பதினாறு பேர் மீது. கூட்டங்களில் பேசியதைக் காவல்துறை ஒலிநாடாவிலும் காணொளியிலும் பதிந்திருந்தது. தூக்குவரை போகக்கூடிய குற்றச்சாட்டு அந்த நாடாக்களின் மேல் நின்றது. எதிர்த்தரப்பில் இஸ்மாயில் மகமது வாதாடினார், பின்னாளில் நாட்டின் தலைமை நீதிபதியானவர். எழுத்தாக்கங்களில் குளறுபடி, நாடாக்கள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்பதில் ஓட்டை. நீதிபதி மில்ன் சொன்னது 1986-இன் தீர்ப்புத் தொகுதியில் இருக்கிறது: பதிவு அசல்தான், அதில் யாரும் கைவைக்கவில்லை என்பதை நியாயமான ஐயத்துக்கு இடமின்றி அரசு நிறுவிய பிறகுதான் அது உள்ளே வரலாம். 1985 டிசம்பரில் பன்னிரண்டு பேர் மீதான குற்றச்சாட்டை அரசு விலக்கிக்கொண்டது.

அதே காலத்தில் டிரான்ஸ்வால் மாகாணத்தில், டெல்மாஸ் தேசத்துரோக வழக்கில், நீதிபதி வான் டைக்ஹார்ஸ்ட் வேறு வழியில் போனார். நாடா தொடர்புடையதாகத் தெரிந்தால் உள்ளே விடு, எடை எவ்வளவு என்று பின்னால் பார்த்துக்கொள் என்பது அவர் நிலை. வாசலிலேயே தடுப்பதா, உள்ளே விட்டு நிறுத்துப் பார்ப்பதா? நாற்பது ஆண்டு கழித்து செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் தகராறு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது.

இன்றைய சட்டம் எடை போடும் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2002-இன் மின்னணுத் தகவல் தொடர்புச் சட்டம் பிரிவு 15, மின் தகவல் என்ற ஒரே காரணத்துக்காகச் சான்றைத் தள்ளக் கூடாது என்கிறது. எடை போடும்போது அது உருவான முறை, சேமித்த முறை, அனுப்பிய முறை நம்பத்தக்கதா, முழுமை காக்கப்பட்டதா, உருவாக்கியவர் யார் என்று எப்படித் தெரிந்தது என்பவற்றைப் பார்க்கச் சொல்கிறது. செவிவழிச் சான்று பற்றிய 1988-இன் சட்டம், கூண்டில் நிற்பவரைத் தவிர வேறொரு நபரின் நம்பகத்தன்மையை நம்பி நிற்கும் சான்றைத்தான் செவிவழி என்கிறது. அதன் சொல் ‘நபர்’. செயலி நபர் இல்லை. எனவே பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மொழிபெயர்த்து எழுதிக் கொடுத்திருந்தால் அவரைக் கூப்பிடு என்று தடுத்திருக்கும் அதே சட்டம், செயலி எழுதிக் கொடுத்ததை அந்தக் கதவில் நிறுத்தவில்லை. இதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. 2008-இல் வெளியான என்டிக்கி தீர்ப்பு, கணினி அச்சு என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதே, யாருடைய நம்பகத்தன்மையில் அது நிற்கிறது என்று முதலில் கேள் என்றது. அச்சிடும் எந்திரம், வங்கிக் கணினி இவற்றுக்கு அந்தக் கேள்வி போதும். தானே சொல் கோக்கும் எந்திரத்துக்குப் போதாது.

கணினியைச் சும்மா நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து அஞ்சல் துறையின் ஹொரைசன் விவகாரம் ஒன்றே போதும். கணக்கு மென்பொருள் காட்டிய இல்லாத பற்றாக்குறைக்காக 900-க்கு மேற்பட்ட அஞ்சலகம் நடத்துவோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வாங்கினார்கள்.

கூண்டில்

விசாரணை அன்று அரசுத் தரப்புச் சாட்சியாக ஏறினேன். என் தாளில் மூன்று பத்தி: பேசியது பேசியபடி தமிழில், சொல்லுக்குச் சொல் ஆங்கிலம், வழக்கிலுள்ள பொருள். ஓரத்தில் விநாடிக் கணக்கு.

அரசு வழக்கறிஞர் கெட்டிக்காரர், மரியாதையானவர். நேராக அந்த இடத்துக்கு வந்தார். ‘கணக்கை முடிப்பது’ என்றால் கொல்வது என்று தமிழில் பொருள் உண்டா?

உண்டு. உண்டு என்றுதான் சொன்னேன். பல இரவு யோசித்த பதில் அது. ‘அவன் கணக்கை முடிச்சிட்டேன்’ என்று ஒரு ரவுடி சொன்னால் அது கொலைதான். சமையல்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அவருடைய மொழிபெயர்ப்பாளர் என் பதிலை அவர் காதில் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார்.

அப்படியானால் செயலி சொன்னது சரிதானே என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். நான் சொன்னேன்: அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். பாக்கியைத் தீர்த்துக்கொள்வது, ஆளைத் தீர்ப்பது. செயலி ஒன்றை எடுத்தது, இன்னொன்று இருக்கிறது என்றே சொல்லவில்லை. தான் தேர்ந்தெடுத்ததையும் சொல்லவில்லை. ‘கணக்கு’ என்ற சொல்லே அதன் தாளில் இல்லை. நான் இரண்டையும் உங்கள் முன் வைக்கிறேன். எது என்று முடிவு செய்வது என் வேலை இல்லை.

சைபர் குற்றச் சட்டத்தின் பிரிவு 15 கேட்பதும் இதைத்தான். அதே தகவல் கையிலிருக்கும் நியாயமான ஒருவர், எல்லாச் சூழ்நிலையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, இதை மிரட்டலாக உணர்வாரா என்று. சூழ்நிலை என்றால் சிட்டை, மூன்று மாதம், பிள்ளையின் கட்டணம். அந்தக் கட்டண வாக்கியம் செயலியிலும் வந்திருந்தது, அடுத்த திரையில். யாரும் கீழே தள்ளிப் பார்க்கவில்லை.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வேறொன்று செய்திருந்தார். அதே கோப்பை, அதில் எதுவும் மாறவில்லை என்று காட்டும் ஷா-256 எண்ணோடு, அதே செயலியில் தன் அலுவலகத்தில் சாட்சி ஒருவரை வைத்துக்கொண்டு மூன்று தடவை ஓட்டியிருந்தார். மூன்றும் மூன்று விதம். அந்த ஏழு விநாடிக்கு ஒரு தடவை எதுவும் வரவில்லை. ஒரு தடவை ‘பார்த்ததற்கு நன்றி’ என்று வந்தது. காணொளிகளின் வசன வரிகளைத் தின்று வளர்ந்த கருவிகள் மௌனத்தில் இப்படி எழுதுவது தெரிந்த சங்கதி. ‘யாரும் உயிரோடு இருக்கக் கூடாது’ மறுபடி வரவே இல்லை. இடையில் செயலி புதுப்பிக்கப்பட்டிருந்தது, பழையதைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வழியில்லை. அதை விளக்க அந்த நிறுவனத்திலிருந்து யாரும் வரவுமில்லை.

மாஜிஸ்திரேட் ஒன்று கேட்டார். அந்த ஏழு விநாடியை மட்டும் ஓட்டுங்கள் என்றார். ஓட்டினார்கள். நீதிமன்றத்தில் எல்லோரும் ஒரு சமையற்கட்டு விசிறியைக் கேட்டோம். இன்னொரு முறை என்றார். மறுபடியும் கேட்டோம். அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

முடிவும் என் கருத்தும்

குரல் பதிவு சான்றாக ஏற்கப்பட்டது. செயலியின் தாளுக்கு எந்த எடையும் இல்லை என்றார் மாஜிஸ்திரேட். உருவான முறை நம்பத்தக்கது என்று காட்ட யாரும் இல்லை, திரும்பச் செய்தால் அதே விடை வரவில்லை, ஒரு வாக்கியத்துக்கு ஒலியே இல்லை. அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்ததும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 174-இன்படி விடுவித்தார். மாவட்ட நீதிமன்றத்தின் முடிவு மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. தொகுதியில் அச்சேறாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எடை இல்லை என்று சொல்வதற்கு முன்பே அந்தத் தாள் ஒரு மனிதரைப் பதினோரு நாள் உள்ளே வைத்துவிட்டது. பிணை விசாரணையில் சான்று விதிகள் தளர்வாக இருக்கும், எடை போடும் நாள் பல மாதம் கழித்து வரும். சொல் உருவாக்கும் கருவிகளின் வெளியீட்டுக்கு மில்ன் போட்ட வாசல்தான் சரி, டெல்மாஸ் வாசல் போதாது என்பது என் கருத்து. கைது செய்வதற்கு முன்பே அசல் ஒலி வேண்டும். பேசிய மொழியிலேயே எழுத்தாக்கம் வேண்டும். நடுவில் தமிழ் இல்லாமல் நேராக ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழ் தெரிந்தவர்கூடச் சரிபார்க்க முடியாது. எந்தக் கருவி, எந்தப் பதிப்பு என்பது தாளிலேயே இருக்க வேண்டும். சத்தியம் செய்து கூண்டில் ஏறக்கூடிய ஒரு மனிதர் அதன் பின்னால் நிற்க வேண்டும். சான்றை எதிர்த்துக் கேட்கும் உரிமையை அரசியலமைப்பின் பிரிவு 35(3) கொடுக்கிறது. யாரிடம் கேட்பது என்பதற்கு ஒரு முகம் இருந்தால்தான் அந்த உரிமைக்குப் பொருள்.

இது அரசுத் தரப்புக்கு மட்டும் சொல்வதில்லை. 2024-இல் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலக் கொலை வழக்கு ஒன்றில், செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கிய கைப்பேசிக் காணொளியைக் கொண்டுவந்தது எதிர்த்தரப்புதான். அசலில் இல்லாத புள்ளிகளைக் கருவி சேர்க்கிறது என்று காட்டப்பட்டபின் நீதிமன்றம் அதைத் தள்ளியது. வழக்கறிஞர்களும் தப்பவில்லை. 2025 ஜனவரியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் மவுண்ட்லா வழக்கில் மேற்கோள் காட்டிய ஒன்பது தீர்ப்புகளில் இரண்டைத்தான் நீதிபதி பெசுயிடென்ஹவுட்டால் கண்டுபிடிக்க முடிந்தது. மற்றவை எங்குமே இல்லை. அது உரிமையியல் வழக்கு. நாளைக்கு ஒருவரின் சிறைத் தண்டனை அப்படி ஒரு இல்லாத தீர்ப்பில் நிற்கலாம். இன்னொரு பக்கம், உண்மையான மிரட்டலை அனுப்பிவிட்டு ‘அது என் குரல் இல்லை, செயலி செய்தது’ என்று மறுப்பவர்களும் வருவார்கள். அவர்களுக்கும் மருந்து அதேதான்: அசல் கோப்பு, கைமாறிய வரிசை, கேள்வி கேட்கக்கூடிய ஆள்.

விடுவிப்புக்குப் பிறகு வராந்தாவில் புகார்தாரர் என்னிடம் வந்தார். “ஆன்ட்டி, அந்தக் கடைசிப் பகுதியை இன்னொரு தடவை கேட்கலாமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் கைப்பேசியில் பிரதி இல்லை, இருந்தாலும் கொடுத்திருக்கக் கூடாது. அதனால் நான் வாயால் சொன்னேன், மெதுவாக: வயிறு எரியுது. அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். “என் ஆயா சொல்லுவாங்க. நாங்கள் ஆயாவுக்கு வயிற்று வலி என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்” என்றார்.

அப்புறம் சமையல்காரர் எங்கே நிற்கிறார் என்று கேட்டார். படிக்கட்டுப் பக்கம் கை காட்டினேன். அவர் போனார், பாதி வழியில் திரும்பி, நீங்களும் கூட வாருங்கள், எனக்கு அவரோடு பேசத் தெரியாது என்றார். போனேன். சிட்டை அரசுக் கோப்பில் இருந்ததால் சமையல்காரர் மூன்று மாதத் தொகையையும் மனப்பாடமாக ஒப்பித்தார். நான் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அவர் தன் கைப்பேசியில் தட்டிக்கொண்டு வந்தார்.